எட்டு வருஷம் பேசாத ஆள்

தர்மபுரி கோர்ட்டுக்குத்தான் போகிறேன் சார். பயப்படாதீர்கள், கொலை இல்லை. கொலை முயற்சி என்று போட்டிருக்கிறார்கள். முயற்சியாம். நான் முயற்சி செய்திருந்தால் அவன் இன்றைக்குச் சாட்சி சொல்ல வருவானா? நான் காலில்தான் அடித்தேன். இதை வெளியே எங்கும் சொல்லாதே என்கிறார் வக்கீல். பஸ்ஸில் சொல்வதற்கு என்ன? நீங்கள் யாரோ, நான் யாரோ.

பையை மேலே வைத்துவிட்டு உட்காருங்கள். சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

இன்றைக்கு அவன் கூண்டில் ஏறப்போகிறான். அடித்தது யார் என்று தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானும் என்னோடு கேஸில் இருக்கிற மூன்று பேரும் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடலாம். பேரைச் சொன்னால் ஏழு வருஷம் என்கிறார் வக்கீல். மாந்தோப்பில் நடந்ததைப் பார்த்தது தோப்புக்காரர் சம்சாரம் மட்டும்தான். அந்த அம்மாவும் தூரத்திலிருந்து பார்த்தது. முகம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. மிச்சம் அவன் ஒருத்தன். அர்த்தநாரி.

என் பேர் நல்லியப்பன். திருச்செங்கோடு. ரிக் வண்டி மேனேஜர். போர் போடுகிற வண்டி பார்த்திருப்பீர்கள். ஒரு லாரியில் மிஷின், இன்னொரு லாரியில் கம்ப்ரஸர். இரண்டுக்கும் நடுவில் முன்கை கனத்துக்கு ஒரு ஹோஸ். அதில்தான் காற்று போகும். காற்று என்றால் நீங்கள் ஜன்னலில் வாங்குகிற காற்று இல்லை. ஐந்நூறு அடிக்குக் கீழே பாறையை மாவாக்கி மேலே துப்புகிற காற்று. அர்த்தநாரி எங்கள் டிரில்லர். லீவரைப் பிடித்து ராடை, பாறையைக் குடைகிற இரும்புக் குழாயை, இறக்குகிறவன். வேலையில் குறை சொல்ல மாட்டேன். மண்ணில் இறங்குகிற சத்தத்தை வைத்தே நாற்பது அடிக்குக் கீழே பாறை என்று தெரிந்துகொள்வான். தெரிந்துகொள்வானே தவிர, சொல்ல மாட்டான். கையைக் காட்டுவான். அவ்வளவுதான்.

எட்டு வருஷம் என்கீழ் வேலை செய்தான் சார். எட்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசியதை எழுதினால் ஒரு பக்கம் வராது. ஊமை இல்லை. கேட்டால் பதில் வரும். "ராடு எத்தனைப்பா?" "இருபத்தி ரெண்டுங்க." முடிந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கம்ப்ரஸர் லாரிக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். நாங்கள் சீட்டு ஆடினால் வர மாட்டான். போன் கிடையாது. கல்யாணம் கிடையாது. முதலாளியே ஒருமுறை பொண்ணு பார்த்துச் சொன்னார். "வேண்டாமுங்க" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "தேவையில்லீங்க" என்றான். பொண்ணு வேண்டாம் என்று சொன்னால் காரணம் இருக்கும். தேவையே இல்லை என்று சொன்னால் என்ன அர்த்தம்? மனுஷனா அவன்?

கூச்சம் என்று முதலில் நினைத்தேன். எங்கள் டிரைவர் சென்னியப்பன் ஆரம்பத்தில் கூச்சப்பட்டவன்தான். பொம்பளைகள் வந்தால் லாரிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வான். ஆனால் நாலு பேர் கூப்பிட்டால் ஆசையாக வந்து உட்காருவான். இவனுக்கு அந்த ஆசையே இல்லை. ஆள் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அதுதான் சார் எரிச்சல். நம்மைப் பிடிக்கவில்லை என்றால் திட்டலாம். பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை என்றால் என்ன செய்வது?

பேசாமல் இருப்பது ஒரு திமிர். என் வீட்டுக்காரி ஒருமுறை இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். ஒரே அறைதான். பேசிவிட்டாள்.

மாரப்பன்தான் அவனுக்குப் பேர் வைத்தான், சைக்கோ என்று. மாரப்பன் என் மச்சினன், என் வீட்டுக்காரியின் தம்பி. ஹெல்ப்பராக எங்கள் வண்டியில் ஏறி மூன்று வருஷம். கலகலப்பான பையன். அவனுக்கு வாயும் கையும் சும்மா இருக்காது. போனில் ஒரு வீடியோ காட்டினான். தனியாக இருப்பான், சிரிக்க மாட்டான், அழ மாட்டான், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான், இப்படி ஏழு அறிகுறி. கடைசியில், இவன் ஸ்கிசோ, மனசு ரெண்டாக உடைந்தவன், இல்லாத குரல் கேட்கும், எந்த நேரமும் கொலை செய்வான் என்று பின்னாடி மியூசிக் போட்டிருந்தார்கள். "மாமா, ஏழுக்கு ஏழும் நம்ம ஆளுக்குப் பொருந்துது பாருங்க" என்றான். பொருந்தத்தான் செய்தது.

அதற்கப்புறம் அவனைப் பேசவைக்க மாரப்பன் என்னென்னவோ செய்தான். டீயில் உப்பைப் போட்டான். அர்த்தநாரி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். மாரப்பன் தட்டை ஒளித்து வைத்தான். அவன் வாழையிலையில் சாப்பிட்டான். ஒரு மத்தியானம் அவன் தூங்கும்போது மாரப்பன் அவன் காலை லாரி டயரோடு கயிற்றால் கட்டிவிட்டுத் தலையில் தண்ணீரை ஊற்றினான். எழுந்து விழுந்து முட்டி கிழிந்தது. நாங்கள் சிரித்துப் புரண்டோம். அவன் கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, டூல்ஸ் பெட்டியில் வைத்தான். விளையாட்டுக்கு ஒரு வார்த்தை திட்டக்கூடாதா? திட்டினால் அதோடு முடிந்திருக்கும். அவன் திட்டாததால்தான் மாரப்பனும் விடவில்லை.

அவன் அப்பா செத்ததைக் கேளுங்கள். தகவல் என் போனுக்குத்தான் வந்தது. குழிக்குள் இருபது ராடு நிற்கிறது. போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினான். இருபது ராடையும் ஒவ்வொன்றாக மேலே எடுத்து அடுக்கி, குழிக்கு மூடி போட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து நின்றான். நானே ஜீப்பில் கூட்டிப்போனேன். ஆறு மணி நேரம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாதி வழியில் நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவன் அப்பாவை நான் பார்த்ததுகூட இல்லை.

இழவு வீட்டில் வருகிற ஆம்பளைகளுக்குக் கை கொடுக்க மகன் வாசலில் நிற்கவேண்டுமா இல்லையா? அவன் அண்ணன் நிற்கிறான், பங்காளிகள் நிற்கிறார்கள், இவனைக் காணோம். போய்ப் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருக்கிறான். அளந்து அளந்து வெட்டுகிறான். கணு இல்லாமல் சீவுகிறான். நாலு பேர் வந்து கூப்பிட்டும் அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். சொந்தக்காரர்கள் காறித் துப்பினார்கள். கல்நெஞ்சன் என்றார்கள். நான்தான், "அவன் சுபாவமே அப்படிங்க" என்று சமாதானம் சொன்னேன். என்னைப் போல் அவனுக்குப் பரிந்து பேசியவன் கிடையாது.

இப்போது தோப்புக்கு வருகிறேன். தர்மபுரிக்கு அந்தப் பக்கம், போன சித்திரையில்.

புதுக் குழி போடுவதற்கு முன்னால் எல்லா ரிக் வண்டியிலும் பூஜை உண்டு. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், தட்டில் தேங்காய், பழம், கற்பூரம், எலுமிச்சம்பழம். மேனேஜர்தான் தீபாராதனை காட்டவேண்டும். நான் தட்டைக் கையில் எடுக்கிறேன். எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு. என்னவென்று பார்த்தால் ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு. வாயைப் பிளந்துகொண்டு, கிரீஸும் கருப்புமாகக் கிடக்கிறது. வெடிப்பு விட்ட கிளாம்பு. சாமி தட்டில்!

"எவன்டா இதை வெச்சது?"

அர்த்தநாரி கையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான், ஹோஸைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான்.

"பாத்தீங்களா மாமா, செய்வினை வெக்கறான்" என்றான் மாரப்பன்.

சென்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். உடைந்த இரும்பைப் பூஜைத் தட்டில் வைத்தால் வண்டிக்கு ஆகாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கிப் புதரில் வீசினேன். எலுமிச்சம்பழத்தை மாற்றி மறுபடி பூஜை போட்டேன். அந்த மாதத்தில் அவன் இப்படிச் செய்வது முதல் தடவையும் இல்லை. ஒரு நாள் என் கட்டில்மேல் இதே மாதிரி ஒரு இரும்பு கிடந்தது. இன்னொரு நாள் அறுந்த சங்கிலித் துண்டு என் செருப்புமேல் கிடந்தது. ஹோஸைக் கட்டிப் போடுகிற சங்கிலி. சொல்லவேண்டியதை வாயால் சொல்லாமல் இப்படி இரும்பை வைத்துவிட்டுப் போனால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? புது கிளாம்பு வாங்கவேண்டியதுதான். வாங்கலாம் என்றுதான் இருந்தேன். சீசன் நேரம். ஒரு நாளைக்கு இரண்டு குழி என்று முதலாளி நிற்கிறார்.

மறுநாள் காலை பத்து மணி. வெயில் ஏறிவிட்டது. மாரப்பன் ஹோஸ் ஓரமாக நின்று பீடி பற்றவைக்கிறான். அர்த்தநாரி லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக அவனிடம் நடந்து வந்தான். எல்லோரும் பார்க்கிறோம். அவன் தானாக ஒருத்தரிடம் போய்ப் பேசியது அன்றைக்குத்தான்.

"அந்த ஹோஸ்கிட்ட நிக்காதே" என்றான்.

"நின்னா என்னடா பண்ணுவ?"

போய்விட்டான்.

"மாமா, சைக்கோ என்னை மெரட்டிட்டுப் போறான்! வாயே தொறக்காதவன் மெரட்டறதுக்குத் தொறக்கறான் பாருங்க!" என்று கத்திச் சிரித்துவிட்டு மாரப்பன் வேண்டுமென்றே ஹோஸை மிதித்துக்கொண்டு நின்றான்.

அரைமணி நேரம் போயிருக்காது. ஹோஸில் மிச்சம் இருந்த கிளாம்பு பிய்த்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை என்னால் சொல்ல முடியாது சார். ஹோஸ் அப்படியே மண்ணிலிருந்து எழுந்தது. இடப்பக்கம் அடித்தது, ஒரு மாங்கிளை முறிந்து விழுந்தது. வலப்பக்கம் அடித்தது, மாரப்பனின் முகத்தில் விழுந்தது. தாடை கழன்று கழுத்தில் தொங்கியது. பல் தெறித்து என் சட்டைப் பையில் விழுந்தது. பொய் சொல்லவில்லை, அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பையில் கையை விட்டபோது கிடைத்தது.

நாங்கள் எல்லோரும் மாரப்பனிடம் ஓடினோம். இவன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான். கம்ப்ரஸர் லாரிக்கு. ஒருத்தன் ரத்தத்தில் கிடக்கிறான், இவனுக்கு மிஷின் முக்கியம். எஞ்சினை நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் ஹோஸ் ஆடுவதை நிறுத்தியது. அப்புறம் வந்து எங்களைத் தள்ளிவிட்டு மாரப்பன்மேல் குனிந்தான். மாரப்பன் மூச்சு விட முடியாமல் கொரகொரவென்று இழுக்கிறான், முகம் நீலம் பூத்துவிட்டது. இவன் அவனைப் பக்கவாட்டில் புரட்டி, அந்த உடைந்த வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, நாக்கைப் பிடித்து இழுத்தான்.

என் கண்ணால் பார்த்தேன் சார். என் மச்சினனின் நாக்கைப் பிடுங்குகிறான்.

டூல்ஸ் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. பெரிய ஸ்பேனர். முதல் அடி தோளில். விரலை எடுக்கவில்லை. இரண்டாவதும் தோளில். அப்போதும் எடுக்கவில்லை. மாரப்பன் இருமி ரத்தத்தைத் துப்பிய பிறகுதான் கையை எடுத்தான். சென்னியப்பனும் மற்ற இரண்டு பேரும் அவனை இழுத்துக் கீழே போட்டார்கள். ஒருத்தன் கழுத்தில் முட்டி போட்டான். நான் காலுக்கு வந்தேன். தலையில் அடித்தால் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். அந்த ஆத்திரத்திலும் யோசித்தேன். இடது கால். முட்டிக்குக் கீழே. ஒரு அடியில் உடையவில்லை. மூன்றாவதில் உடைந்தது. ராடு முறிகிற சத்தம் மாதிரிதான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு இடத்தில் அடித்தேன்.

அவன் கத்தவில்லை.

அதுதான் சார், அதுதான் எங்களைக் கெடுத்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கிறான். யார் அடிக்கிறார்களோ அவர்களைத் திரும்பிப் பார்க்கிறான். "கத்துடா! கத்துடா நாயே!" என்று சென்னியப்பன் காதோடு சேர்த்து அறைகிறான். ஒரு ஐயோ, ஒரு அம்மா, விட்டுடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே விட்டிருப்போம். நாங்களும் பிள்ளை குட்டிக்காரர்கள். அடிபடுகிறவன் கத்தினால்தானே அடிக்கிறவனுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியும்? விலா மூன்று, இடது காதுச் சவ்வு, கால் இரண்டு இடம், வலது கையில் இரண்டு விரல். விரல் என் கணக்கில் வராது. அதன்மேல் யார் ராடைப் போட்டது என்று நான் பார்க்கவில்லை.

மாரப்பனைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனோம். அர்த்தநாரியை மாமரத்து நிழலில் இழுத்துவிட்டுத்தான் போனோம், வெயிலில் விடவில்லை. தோப்புக்காரர் வந்து பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது மூன்று மணி ஆகிவிட்டதாம்.

ஆஸ்பத்திரியில் மாரப்பனைப் பார்த்த டாக்டர், "யாரோ நேரத்துக்கு நாக்கை இழுத்துவிட்டிருக்காங்க, இல்லேன்னா மூச்சடைச்சு வழியிலேயே முடிஞ்சிருக்கும்" என்றார். எங்கள் குலதெய்வம்தான் காப்பாற்றியது. மாரப்பனுக்குக் கம்பி போட்டுத் தாடையைக் கட்டியிருக்கிறார்கள். பேச்சு சரியாக வராது. ஒரு காகிதத்தில், "அவன் இழுத்தான், மூச்சு வந்தது" என்று எழுதிக் காட்டினான். அடி மூளைவரைக்கும் போயிருக்கிறது. என் வீட்டுக்காரியிடம் காட்டவில்லை. கிழித்துவிட்டேன்.

இது தொப்பூர் இறக்கம். முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேஸ் வந்ததும் நான்தான் வக்கீலுக்கு வழி சொன்னேன். "அவன் பைத்தியங்க. பைத்தியம் சொல்றது சாட்சி ஆகுமா?" அந்த வீடியோவையும் காட்டினேன். அவனை மனநல டாக்டர் பார்க்கவேண்டும் என்று மனுப் போட்டோம். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்தர் மூன்று தடவை உட்கார்ந்து பேசி ரிப்போர்ட் கொடுத்தார். அதில் ஸ்கிசாய்டு என்று ஒரு வார்த்தை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்கிசோ! வீடியோவில் வந்த அதே வார்த்தை. இல்லாத குரல் கேட்கும், இல்லாத ஆள் தெரியும் என்று சொன்னார்களே, அது. வக்கீலும் தெம்பாகத்தான் எழுந்தார்.

"அந்த வியாதி இருக்கறவருக்கு இல்லாத குரலெல்லாம் கேக்குமில்லீங்களா?"

"நீங்க சொல்றது ஸ்கிசோஃப்ரினியா. அது வேற. இவருக்குக் குரல் எதுவும் கேக்கல. கேக்கற குரலே போதும்னு நினைக்கறவர்" என்றது அந்த அம்மா.

"மனசு ரெண்டா உடைஞ்சவர்?"

"உடைஞ்சது கால்தான். ரெண்டு எடத்துல."

"அப்பா செத்ததுக்குக்கூட அழாதவர், டாக்டர்."

"அழாதவங்க சாட்சி சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்குங்களா?"

"யார்கூடவும் சேர மாட்டார். ஒரு வார்த்தை பேச மாட்டார். இது ஆபத்தான ஆளோட லட்சணம் இல்லையா?"

"அதிகம் பேசாதவங்க எல்லாருக்கும் இந்தப் பேரு வெக்கறதில்லீங்க. உங்க ஜூனியர்கூடக் காலையிலேருந்து வாயே தொறக்கல. அவருக்கும் ஒரு சர்டிபிகேட் எழுதட்டுமா?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் சிரித்தார். அந்த ஜூனியர் பையன் காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா அதோடு விட்டதா? இவருக்குத் தனியாக இருப்பது பிடிக்கிறது, துணை தேவைப்படவில்லை, அதற்காக உலகம் தெரியாதவர் இல்லை, கண்ணால் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லக்கூடியவர், இவர் யாரையும் அடித்ததாக எங்கும் பதிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. நாங்கள் போட்ட மனு. எங்கள் வாயாலேயே கேட்டு வாங்கினோம்.

சரி, அது போகட்டும். மிச்சம் இருந்தது ஒரே வழி. போன ஞாயிற்றுக்கிழமை நானும் முதலாளியும் அவனைப் பார்க்கப் போனோம். சாட்சியைப் போய்ப் பார்க்கக்கூடாது, ஜாமீன் போய்விடும் என்று வக்கீல் சொல்லத்தான் செய்தார். பார்க்காமல் எப்படி முடியும்? அவன் அண்ணன் காட்டில் ஒரு மோட்டார் ரூமில் இருக்கிறான். சுற்றிலும் மரவள்ளி. முள்வேலி, வாசலுக்கு ஒரு மூங்கில் படல். கட்டையை ஊன்றிக்கொண்டு நடக்கிறான்.

சாத்துக்குடி, பிஸ்கட், ஒரு வேட்டி சட்டை எல்லாம் வாங்கிப் போயிருந்தோம். இரண்டு மணி நேரம் பேசினேன் சார். என் பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் என்றேன். உன்னை எட்டு வருஷம் வைத்திருந்தேனே, உன் அப்பா இழவுக்கு ஜீப் ஓட்டினேனே என்றேன். அவன் கையைப் பிடித்து அழுதேன். விரலில் வளைந்த இடம் கையில் பட்டது. முதலாளியும் அவர் பங்குக்குச் சொன்னார். "தெரியலைன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதானப்பா. நீ பேசறதே கம்மி. அதுல இன்னொரு வார்த்தை கொறையப் போகுதா?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. முடியாது என்று சொன்னானா? இல்லை. தலையை ஆட்டினானா? இல்லை. கோபப்பட்டானா? அதுவும் இல்லை. முழுவதும் கேட்டான். நாங்கள் எழுந்ததும் கட்டையை ஊன்றிக்கொண்டு படல்வரைக்கும் கூடவே வந்தான். நாங்கள் வெளியே வந்ததும் படலைச் சாத்திக் கயிற்றைப் போட்டான். வாங்கிப் போன பையை வேலிக்கு மேலே நீட்டினான், மறந்துவிட்டோம் என்று நினைத்திருப்பான். "பாருங்க, வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பிட்டுப் போறான். ஒத்துக்கிட்டான்" என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் பட்டது. மனசில் பகை இருக்கிறவன் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வருவானா? அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

கொஞ்சம் இருங்கள், வக்கீல்.

ஹலோ. சொல்லுங்க சார். பஸ்ஸுலதான்... பத்து நிமிஷத்துல வந்துருவேன். வந்துட்டானா? எப்ப? ஏழரைக்கேவா? தனியாத்தான் இருப்பான், அவன் அப்படித்தான். என்னது? யாருகிட்ட? கோர்ட்டு குமாஸ்தாகிட்டயா? அவனா? அவனே போய்ப் பேசினானா?

சரிங்க.

சரிங்க சார்.

வைத்துவிட்டார்.

குமாஸ்தாவிடம் அவனாகப் போய்ப் பேசினானாம். "கால் சரியில்லீங்க, ரொம்ப நேரம் நிக்க முடியாது. சொல்றதுக்கு நெறைய இருக்கு. உக்காந்து சொல்ல ஒரு நாற்காலி கெடைக்குமா?" என்று கேட்டானாம்.

நிறைய இருக்காம்.

எட்டு வருஷமாக இல்லாதது. கால் உடையும்போது இல்லாதது. நான் கையைப் பிடித்து அழும்போது இல்லாதது. ஒவ்வொருத்தர் முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தானே, எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறான். எந்த அடி யாருடையது, எத்தனை, எங்கே. விரல்மேல் ராடைப் போட்டது யார் என்றுகூடச் சொல்லுவான். ஒன்றை விடமாட்டான்.

நான் முட்டாள் சார். பாவம் பார்த்துக் காலில் அடித்தேன். வாயில் அடித்திருக்கவேண்டும். முதல் அடியே வாயில் போட்டிருக்கவேண்டும்.

என்ன சார், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? சேலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்? ஒரு ஆமாம், ஒரு இல்லை? நான் செய்தது தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள். முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் திரும்புங்கள் சார். உங்களைத்தான். ஏதாவது பேசுங்கள்.